அப்பாவின் வழக்கமான நாடி

மார்ச் 3

தம்பிக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் ஓரமாகப் போட்டுவிடாதே. சண்டைக்காக எழுதவில்லை. சமாதானத்துக்காகவும் எழுதவில்லை. அப்பாவுக்காக எழுதுகிறேன்.

அப்பாவுக்குப் பெருங்குடலில் ஒரு கட்டி. ஆறு வாரமாக வயிறு சரியில்லை என்பதை யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். அவர் பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டை இருந்தது. துணி மடிக்கும்போது அதைப் பார்த்துத்தான் பிடித்தேன். வேறெங்கும் பரவவில்லை என்று ஸ்கேன் சொல்கிறது. கட்டி இருக்கும் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, குடலின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைப்பார்கள். 19ஆம் தேதி. எங்கள் ஆஸ்பத்திரியில், எங்கள் வார்டில். வேறு இடம் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். "நீ இருக்கிற இடத்த விட்டுட்டு வேற எங்க போறது?" என்று கேட்டுவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். 

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ என்னை ஒரு வாக்கியம் முடிக்க விட்டதில்லை. நானும் உன்னை விட்டதில்லை. காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. நாம் பேசி இரண்டு வருடம் ஆகிறது. அம்மா போன அன்று வார்டு வாசலில், எல்லார் முன்னாலும் நீ கேட்டாயே, "அம்மா உன் கைலதானே இருந்தாங்க, உனக்குக்கூடவா தெரியல?" என்று. நர்ஸாகப் பதினேழு வருடம் வேலை பார்த்தவளுக்கு அன்று பதில் தெரியவில்லை. இன்றும் தெரியாது. அதை இப்போது கிளற வேண்டாம்.

இன்னொரு விஷயம். போன மாதம் எங்கள் வார்டுக்கு அட்டைப் பெட்டிகள் வந்தன. நெஞ்சில் ஒட்டுகிற சென்சாராம், சோதனைக்காகவாம். பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார், வார்டு பொறுப்பாளரான எனக்குப் பெட்டி வந்த பிறகுதான் தகவல். உள்ளே இருந்த செய்முறைப் புத்தகத்தில் ஒவ்வொரு பத்தியும் "எனவே" என்று ஆரம்பித்தது. பள்ளிக்கூடக் கட்டுரையிலிருந்தே உனக்கு அந்த வியாதி. பெயர் பார்க்காமலே யார் எழுதியது என்று தெரிந்துவிட்டது.

வீட்டில் வாய்தவறி உளறிவிட்டேன். "திருகாணி செஞ்சதா? எனக்கும் ஒண்ணு ஒட்டு" என்கிறார் அப்பா. ஏழு வயதில் நீ சுவர்க் கடிகாரத்தைக் கழற்றியதற்கு வைத்த பெயரை அவர் இன்னும் விடவில்லை. எனக்கு இஷ்டமில்லை. வார்டில் ஏற்கெனவே பதினொரு விதமான பீப் சத்தம் இருக்கிறது. பன்னிரண்டாவதாக உன்னுடையது வேண்டாம்.

வருவாயா மாட்டாயா, அதை மட்டும் எழுது.

அக்கா


மார்ச் 7

அக்காவுக்கு,

கடிதம் நேற்று வந்தது. மூன்று முறை வாசித்தேன். நீ சொன்ன மாதிரியே குறுக்கே பேச முடியவில்லை. சுவரோடு பேசிக்கொண்டேன்.

அப்பாவுக்கு ஒட்டு. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாக வாசி.

உங்கள் சார்ட்டில் நாடி நூறைத் தாண்டினால்தான் சிவப்புப் பேனா. எல்லாருக்கும் அதே நூறு. அம்மாவின் நாடி இயல்பிலேயே ஐம்பத்தாறு. ஆறு மாடி ஏறினாலும் மூச்சு வாங்காத மனுஷி. அறுவை முடிந்த நான்காம் நாள் அது தொண்ணூற்றிரண்டு. நூறுக்குள்தானே என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவின் உடம்புக்கு அது தலைதெறிக்க ஓடுகிற ஓட்டம்.

எனவே (சிரிக்காதே) என் கருவியில் எல்லாருக்குமான எண் என்று ஒன்று கிடையாது. நாடி, மூச்சு, உடம்புச் சூடு, அசைவு நான்கையும் அறுவைக்கு முன்பே பார்த்து, இந்த ஆளுக்கு இதுதான் வழக்கம் என்று கற்றுக்கொள்ளும். பிறகு அந்த வழக்கத்திலிருந்து விலகினால் கட்டில் பக்கத்துத் திரையிலும் இங்கே என் திரையிலும் பச்சை மஞ்சளாகும், இன்னும் விலகினால் சிவப்பாகும். வழக்கத்துக்குள் இருந்தால் பச்சை. சத்தம் போடவே போடாது. இரண்டு வருடமாக இதைத் தவிர நான் வேறு ஒன்றும் செய்யவில்லை. என் மேஜையில் ஒரு ரப்பர் நெஞ்சு இருக்கிறது, அதற்குச் செயற்கையாக வியர்க்க வைத்துப் பசை நிற்கிறதா என்று பார்ப்பேன். ரப்பருக்கு அரிக்காது என்பதால் என் கையிலும் ஒட்டிப் பார்ப்பேன். இடது கை முழுக்கச் சதுரம் சதுரமாகச் சிவந்து கிடக்கிறது.

அப்பாவுக்கென்று தனியாக ஒரு பெட்டி உன் வீட்டு முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன். வந்த அன்றே பிரி. இடது காறை எலும்புக்குக் கீழே, முடி மழித்து ஒட்டு. அறுவைக்கு முன் மூன்று முழு நாள் வீட்டில் அவர் இயல்பாக இருக்கும்போது ஒட்டியிருக்க வேண்டும். நடக்கட்டும், தூங்கட்டும், உன்னைத் திட்டட்டும்.

19ஆம் தேதி என்னால் வர முடியாது. சோதனைக்கு முப்பது நோயாளிகள் வேண்டும், ஏப்ரல் 2 ஆய்வுக் கூட்டம். மற்ற ஆஸ்பத்திரிகளில் இருபத்தொன்பது பேர் முடிந்துவிட்டது. அப்பாவை முப்பதாவதாகப் பதிந்திருக்கிறேன். இங்கே திரையில் நிமிடத்துக்கு நிமிடம் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவதைவிட அது உருப்படியானது.

இந்தத் தடவை யாரும் தவறவிடக் கூடாது.

தம்பி


மார்ச் 18

தம்பிக்கு,

பெட்டி 12ஆம் தேதியே வந்தது. பிரிக்கவில்லை. ஃபிரிட்ஜின் மேல் வைத்தேன். தினமும் தண்ணீர் எடுக்கப் போகும்போது அதைப் பார்ப்பேன், முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

காரணம் உன் கடைசி வரி. "யாரும்" என்று எழுதியிருக்கிறாயே, அந்த யாரும் யார் என்று எனக்குத் தெரியாதா? நேராக என் முகத்தில் அறைந்திருக்கலாம். அம்மாவின் சார்ட்டில் தொண்ணூற்றிரண்டு என்று எழுதியது என் கை. அதை உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நான் இல்லை. ஐம்பத்தாறு என்று நீ எழுதியதை வாசித்த பிறகு இரண்டு நாள் எனக்கு வேலையே ஓடவில்லை. ஊசி மருந்தை இரண்டு தடவை சரிபார்க்கிறவள் நான்கு தடவை சரிபார்த்தேன். வார்டுப் பெண்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

இன்று காலை அப்பாவை அட்மிட் செய்தேன். பையில் துணி எடுத்து வைக்கும்போது அவரே ஃபிரிட்ஜ் மேலிருந்து பெட்டியை எடுத்து வந்து, "இத மறந்துட்டியே" என்றார். மறந்ததாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வார்டில் வைத்து மழித்து ஒட்டியாகிவிட்டது. மூன்று நாள் கிடையாது, ஒரு நாள்தான். உன் கருவி கெட்டிக்காரக் கருவியாக இருந்தால் ஒரு நாளில் கற்றுக்கொள்ளட்டும்.

ஆறாம் எண் கட்டில் கொடுத்திருக்கிறேன். ஜன்னல் வெளிச்சம் வரும், என் மேஜையிலிருந்து நேராகத் தெரியும்.

அவர் நன்றாக இருக்கிறார். காலையிலிருந்து வார்டையே சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்துக் கட்டில்காரர் உன் பச்சை விளக்கைக் காட்டி இது எதற்கு என்று கேட்டார். "முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன் சொல்றேன் கேளுங்க. விளக்கு பச்சையா இருந்தா கதவு திறக்கும்னு அர்த்தம். உள்ள லிஃப்ட் நிக்குதான்னு எட்டிப் பாத்துட்டுத்தான் கால வைக்கணும்" என்றார். அந்த ஆள் தையல் பிரிந்துவிடுமோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

என்னிடம் மட்டும் மெதுவாக, "திருகாணி என் நெஞ்சுல கை வச்ச மாதிரி இருக்கு" என்றார். உன்னிடம் சொல்லச் சொல்லவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன்.

நாளை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோகிறார்கள். 

அக்கா


மார்ச் 22

அக்காவுக்கு,

அந்த வரிக்கு மன்னித்துக்கொள். எழுதும்போது அப்படித் தோன்றவில்லை. ஒருவேளை தோன்றியும் எழுதியிருப்பேன். எனக்கே தெரியவில்லை.

இன்று மூன்றாம் நாள். திரையில் அப்பா ஒரே பச்சை! 19ஆம் தேதி மதியம் அவரை வார்டுக்குக் கொண்டுவந்ததிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நாடி நூற்றிரண்டு, நூற்றைந்து, நூற்றொன்று. மூச்சு இருபத்திரண்டு. எல்லாம் அவருடைய வழக்கத்துக்குள். 21ஆம் தேதி காலை 9.40க்கு எழுந்து நடந்தாரா? அசைவுக் கோடு சின்னதாக ஒரு மலை போலக் கிளம்பி இறங்கியது. முப்பத்தெட்டு அடி. எழுந்து நின்று கைதட்டிவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர், பசை பற்றித் தவிர வேறு எதையும் பேசாத மனிதர், "ஜெயிச்சாச்சா?" என்று கேட்டார்.

இங்கே எல்லாரும் ஏப்ரல் 2க்கான வேலையில் இருக்கிறார்கள். இதுவரை இருபத்தொன்பது பேரில் நான்கு பேருக்கு மஞ்சள் வந்தது, நான்கும் உண்மையான சிக்கல். ஒன்றுகூடத் தவறவில்லை. அடுத்த மாதம் இன்னும் ஆறு ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது.

சாப்பிட ஆரம்பித்துவிட்டாரா? அதை மட்டும் என் கருவியால் பார்க்க முடியாது. எழுது.

தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

ஐ.சி.யூ. வாசலில் நீளமான பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பேனா ஆஸ்பத்திரியுடையது, காகிதம் ஆஸ்பத்திரியுடையது. நானும் ஒன்பது நாளாக ஆஸ்பத்திரியுடையவள்தான்.

போனில் உனக்குச் சொன்னது பாதிதான். மீதியை எழுதுகிறேன்.

23ஆம் தேதி காலை அப்பா சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளினார். கேட்டால், "உப்பு இல்ல" என்று சிரித்தார். சிரித்த முகம் எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணுக்குக் கீழே மெழுகு பூசினாற்போல இருந்தது. மணிக்கட்டைப் பிடித்து என் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நூற்றெட்டு. சார்ட்டில் மூன்று நாளாகவே சிவப்புப் பேனாதான், அறுவை வலி என்று எல்லாரும் விட்டிருந்தோம். சின்ன டாக்டரைக் கூப்பிட்டேன். "சிஸ்டர், பச்சைதானே காட்டுது. வலியா இருக்கும், காய்ச்சல்கூட இல்லையே" என்றார். டிரிப்ஸில் போகிற வலி மருந்தே காய்ச்சலையும் அமுக்கிவிடும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

அப்போதுதான் உனக்குப் போன் செய்தேன். இரண்டு வருடத்தில் முதல் போன். ஸ்டோர் ரூமில், கையுறைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு. நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "அக்கா, பயப்படாத அக்கா. அறுவைக்கு முன்னாடியே அவருக்கு நூத்தி நாலுதான். அது அவரோட வழக்கம். பச்சைதான் அக்கா, நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? என் அப்பாவுக்கு நூற்றிநாலு எப்போதடா வழக்கமாக இருந்தது என்று கேட்டிருக்க வேண்டும். வீட்டில் மாதாமாதம் பிரஷரும் நாடியும் பார்க்கிறவள் நான். எழுபத்திரண்டு, எழுபத்து நான்கு, அதற்கு மேல் போனதில்லை. கேட்கவில்லை. நீ அந்த ஒரு போனில் என்னை மூன்று தடவை அக்கா என்று கூப்பிட்டாய். நான் எண்களைக் கேட்கவில்லை, அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். "சரிடா" என்று வைத்துவிட்டேன். வெளியே வந்து அப்பாவிடம், "தம்பி எல்லாம் சரியா இருக்குன்னு சொல்றான்" என்றேன். "பேசினானா?" என்று எழுந்து உட்காரப் பார்த்தார்.

மறுநாள் மதியம் கட்டில் கம்பி தடதடக்கிற அளவுக்கு நடுங்கினார். வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது. சேர்த்துத் தைத்த இடம் விட்டுப்போய், இரண்டு நாளாகவே உள்ளே கசிந்துகொண்டிருந்திருக்கிறது. திரும்பவும் திறந்தார்கள். குடலை வயிற்றுக்கு வெளியே எடுத்துப் பை வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் முன்னால் தெரிந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்று பெரிய டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அவரை இழுத்துக்கொண்டு ஓடும்போதுகூட உன் திரை மஞ்சள்தான். சிவப்பாகவே இல்லை.

மூச்சுக்குக் குழாய் போட்டிருக்கிறார்கள். இன்னும் கண் திறக்கவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கதவுக் கண்ணாடியில் எட்டிப் பார்க்கிறேன். எனக்கு அம்மாவின் அந்த நான்காம் நாள் திரும்பத் திரும்ப வருகிறது.

அக்கா


மார்ச் 30

அக்கா,

உன் கடிதம் வருவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டேன்.  எழுதிவிடுகிறேன்.

18ஆம் தேதியின் பதிவை நிமிடம் நிமிடமாகத் திறந்து பார்த்தேன். ஒட்டிய நேரம் காலை 9.15. நாடி நூற்றாறு. 11 மணிக்கு நூற்றிரண்டு. நீ எழுதினாயே, லிஃப்ட் கதை சொல்லி வார்டைச் சிரிக்க வைத்தார் என்று. அசைவுக் கோட்டில் அந்த நேரத்தைக்கூடக் கண்டுபிடித்தேன், சிரிப்பில் நெஞ்சு குலுங்குவது தனியாகத் தெரியும். அப்போது நூற்றெட்டு. பகல் முழுக்கத் தொண்ணூற்றாறுக்குக் கீழே ஒரு நிமிடம்கூட இறங்கவில்லை. தூங்கியதாக நினைத்த நேரத்திலும் தூங்கவில்லை, அசையாமல் படுத்திருந்திருக்கிறார்.

அக்கா, அவர் பயந்திருக்கிறார். அன்று முழுக்க, ஒரு நிமிடம் விடாமல், நடுங்கிப்போய் இருந்திருக்கிறார். யாருக்கும் காட்டவில்லை. என் கருவி மட்டும் அதைப் பார்த்தது. பார்த்துவிட்டு, இதுதான் இந்த மனிதரின் வழக்கம் என்று எழுதிக்கொண்டது. பிறகு உள்ளே விஷம் ஏறி நாடி நூற்றெட்டுக்குப் போனபோது, இவர் எப்போதும் இப்படித்தான் என்று பச்சை காட்டிக்கொண்டே இருந்தது.

பெட்டியை நீ ஆறு நாள் ஃபிரிட்ஜ் மேல் வைத்ததால்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். உன்னைத் தெரியும். அப்படி நினைக்காதே. 19ஆம் தேதி காலை என் திரையில் ஒரு கேள்வி வந்தது. "ஒரு நாள் பதிவு மட்டுமே உள்ளது. வழக்கமாக ஏற்கவா?" என்று. அந்தக் கேள்வி வர வேண்டும் என்று எழுதியவனே நான்தான். ஏற்கிறேன் என்று அழுத்தினேன். வேண்டாம் என்றால் அப்பா கணக்கில் வர மாட்டார், முப்பது நிரம்பாது. அப்பாவின் நாடி என்ன என்று உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, நாம்தான் பேசுவதில்லையே.

என் மேலாளர் நேற்று சொன்னார்: விதிப்படி மூன்று நாள் ஒட்டவில்லை, எனவே முப்பதாவது ஆளை நீக்கிவிடலாம், இருபத்தொன்பதுக்கு இருபத்தொன்பதும் சரி என்று வரும். காரணம் என்ற இடத்தில், வார்டு பொறுப்பாளர் தாமதமாக ஒட்டினார் என்று எழுதினால் போதுமாம். நீ யார் என்று அவருக்குத் தெரியாது. நான் எழுந்து கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

இன்னொரு பொய்யும் உண்டு. வேலையால்தான் வரவில்லை என்று எழுதினேன். வேலை இல்லை. அந்த வார்டு வாசலைத் தாண்ட எனக்குத் தைரியம் இல்லை. திரையில் பார்ப்பது உருப்படியானது என்றெல்லாம் அளந்தேன்.

அன்று வாசலில் உன்னிடம் கேட்டதை இப்போது நீ என்னிடம் கேள். உனக்குத்தான் அந்த உரிமை இருக்கிறது. அப்பா என் கையில்தான் இருந்தார்.

அவர் கண் திறந்தாரா? போன் செய்தால் நீ எடுக்க மாட்டேன் என்கிறாய். நாளெல்லாம் போனை மேஜையில் நேராக வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 5

அன்புள்ள தம்பிக்கு,

திறந்துவிட்டார். 31ஆம் தேதி குழாயை எடுத்தார்கள். நேற்று வார்டுக்கு, அதே ஆறாம் எண் கட்டிலுக்குக் கொண்டுவந்தோம். பிழைத்துவிட்டார் என்று பெரிய டாக்டரே வாய்விட்டுச் சொன்னார். ஐந்து கிலோ இறங்கிவிட்டார், குரல் காற்றாக வருகிறது, ஆனால் சூப்பில் உப்பில்லை என்று மறுபடி குறை சொல்கிறார். இந்தத் தடவை உண்மையாகவே இல்லை, நான் ருசி பார்த்தேன். மூன்று மாதம் கழித்துப் பையை எடுத்துவிட்டுக் குடலைத் திரும்ப உள்ளே சேர்த்துவிடுவார்கள்.

போனை எடுக்காததற்குக் காரணம் கோபம் இல்லை. எடுத்தால் நீ கேட்கச் சொல்கிறாயே, அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவேனோ என்று பயம். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தடவை எழுதியே விட்டேன். உன்னுடைய அதே வார்த்தைகள், பெயரை மட்டும் மாற்றி. எழுதி முடித்ததும் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. கிழித்து ஊசிக் குப்பையில் போட்டேன். அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு வேலைக்கு வருவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்டா. உனக்கு அது வேண்டாம்.

இப்போது சொல்லப்போவதை உட்கார்ந்து வாசி.

உன் 30ஆம் தேதிக் கடிதத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரே குடைச்சல். நேற்று அவருக்கு முகம் துடைத்துவிடும்போது கேட்டேன்.

"அப்பா, அட்மிட் ஆன அன்னைக்கு ரொம்பப் பயந்தீங்களா?"

"யாரு சொன்னா?"

"உங்க பையன். மெஷின்ல தெரிஞ்சுதாம்."

 "நல்ல மெஷின்தான் போல" என்றார்.

கட்டிலைத் தாண்டி எதிர்ப்பக்கம் கண்ணைக் காட்டினார். எதிரே மூன்றாம் எண் கட்டில். அம்மாவின் கட்டில். எனக்குத் தலையில் அடித்தது போல இருந்தது. வெளிச்சம் வரும், என் மேஜைக்கு நேராக இருக்கும் என்று பார்த்துப் பார்த்து ஆறாம் எண் கொடுத்தவள் நான். தினமும் பத்துத் தடவை அந்த மூன்றாம் எண்ணைக் கடந்துதான் நடக்கிறேன். அவர் கண்ணுக்கு நேரே அது இருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"சாவுக்குப் பயந்தீங்களாப்பா?" என்று கேட்டேன்.

"அட போ. எழுபது தாண்டியாச்சு, அதுக்கென்ன பயம். நானும் இந்த வார்டுலயே போயிட்டா, அவன் வந்து வாசல்ல நின்னு உன்கிட்ட மறுபடியும் அதையே கேப்பானேன்னுதான். ஒரு தடவ கேட்டதுக்கே ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னொரு தடவ கேட்டா நீ தாங்க மாட்ட. அப்புறம் ரெண்டு பேரும் சேரவே மாட்டீங்க. அன்னைக்கு முழுக்க அதுதான் ஓடிட்டு இருந்துச்சு."

துணியைத் தண்ணீரில் அலசுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. "போன்ல பேசுனீங்க, லெட்டர் போடுறீங்க, எல்லாம் சரி. நேர்ல பாத்தா மூஞ்சத் தூக்கிக்குவீங்க" என்கிறார். இதை எழுதுகிற நேரம் நாடி எண்பத்தெட்டு. ரத்தம் எடுத்துப் பார்த்தாகிவிட்டது, தையலும் வயிறும் சரியாக இருக்கின்றன. பெரிய டாக்டருக்கு அந்த எண்பத்தெட்டுக்குக் காரணம் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

கட்டிலை மாற்றிவிட்டேன். இப்போது ஒன்பதாம் எண். அதிலிருந்து வாசல் தெரியும்.

அக்கா


ஏப்ரல் 8

அக்கா,

உன் கடிதத்தை ரப்பர் நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்து வாசித்தேன். பக்கத்து மேஜைக்காரர் எழுந்து கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அப்பாவை நீக்கவில்லை. முப்பதாவது ஆள், தவறவிட்டது, காரணம் வடிவமைப்பாளர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆறு ஆஸ்பத்திரிகளுக்குப் போவது நின்றிருக்கிறது. மேலாளர் என்னோடு பேசுவதில்லை. எப்படிச் சரிசெய்வது என்று இன்னும் தெரியவில்லை. மூன்று நாள் ஒட்டாவிட்டால் வேலையே செய்யாதபடி பூட்டிவிடலாம். ஆனால் வீட்டில் மூன்று நாளும் பயந்துகொண்டிருப்பவரை என்ன செய்வது? இதற்கு "எனவே" என்று ஒன்றும் எழுத வரவில்லை.

அதை அப்புறம் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை பதினொன்றரை ரயிலில் வந்து இறங்குகிறேன். அப்பாவிடம் சொல்லாதே. நான் நேராக வார்டுக்குள் வர மாட்டேன். கீழே மருந்துக் கடைக்குப் பக்கத்தில் நிற்கிறேன், நீ இறங்கி வா. நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்த வாசலைத் தாண்ட வேண்டும், பேசிக்கொண்டே தாண்ட வேண்டும். அவர் பார்க்க வேண்டும்.

என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீயே ஆரம்பி. திட்டு. அவருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகத் திட்டு.

தம்பி